மண்டபத்துக்குள் இருப்பவருக்கே ஓட்டு

கடப்பாக்கம்,
12.3.2001

அன்பு மருமகள் பிரதீபாவுக்கு மாமா வரதன் ஆசீர்வாதம். நானும் உன் அத்தை ஞானம்மாளும் சுகம். அத்தைக்கு முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. நம் வீட்டில் மாடி இல்லாததால் தொல்லை இல்லை. மாப்பிள்ளையும் பேரன் ரோஹித்தும் எப்படி இருக்கிறார்கள், அங்கே குளிர் விட்டதா என்று எழுது.

இதை எழுதுவது பஸ் நிறுத்தத்தில் டெலிபோன் பூத் வைத்திருக்கும் லோகநாயகி. போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் இருமினாலும் மீட்டர் ஓடுகிறது. ஒரு விஷயம், நான் 'இன்னா' என்றால் இவள் 'என்ன' என்று எழுதுகிறாள். கேட்டால், டெல்லிக்குப் போகிற கடுதாசி என்கிறாள். அடுத்தவர்கள் பேசியதையாவது பேசியபடி எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாட்டில் உள்ள மாட்டு டாக்டர்களுக்கெல்லாம் நீ தலைவி ஆகிவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். மாட்டுத் தரகனாக நாற்பது வருஷம் சந்தை சந்தையாகச் சுற்றியவன் நான். இந்தப் பக்கம் எனக்குத் தெரியாத மாட்டு டாக்டர் கிடையாது. உடனே பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் செல்வராஜ் டாக்டரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், ஊசியைக் கழுவிக்கொண்டே, "அந்தச் சங்கமா? வேலைல சேந்தப்ப சந்தா புடிச்சாங்க. அதோட சரி. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. உங்க பொண்ணு வந்து இன்னா பண்ணப் போறாங்க பெரியவரே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நீ என்ன பண்ணப் போகிறாய்? விவரமாக எழுது. அவர் முன்னாலேயே லோகநாயகியை விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

மாமா,
வரதன் (கைநாட்டு)

*

புது டெல்லி,
2.4.2001

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் நமஸ்காரம். இங்கே மூவரும் சௌக்கியம். குளிர் போய், அதற்குள் வெயில் வந்துவிட்டது. அத்தையின் முழங்காலுக்கு ரோஹித்திடம் தைலம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செல்வராஜ் டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் சங்கத்துக்கு 'அனைத்திந்தியக் கால்நடை மருத்துவர் பேரவை' என்று பெயர். பன்னிரண்டாயிரம் உறுப்பினர்கள். ஆனால் வருடாந்திரப் பொதுக்கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குள் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஓட்டு. இருநூறு உறுப்பினர்கள் இருந்த காலத்தில் போட்ட விதி. இப்போதும் முந்நூறு பேர்தான் வருகிறார்கள். எல்லாரும் என்னைப் போல நகரத்துக் கல்லூரி வாத்தியார்கள், பெரிய அதிகாரிகள். மருந்தகத்தில் மாட்டோடு மல்லுக்கட்டுகிறவர் லீவு போட்டு, ரயிலேறி, டெல்லிக்கு எப்படி வருவார்? அவருக்கும் தபாலில் ஓட்டு வேண்டும். அதற்காகத்தான் நான் இந்தப் பதவிக்கு நின்றேன். விதியைத் திருத்த, கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும்.

எங்கள் பொதுச் செயலாளர் பக்தவத்சலம் நம் காஞ்சிபுரத்துக்காரர். இருபது வருடமாக அதே நாற்காலி. "அம்மா, அவங்களுக்கு அக்கறை இருந்தா வரமாட்டாங்களா? லெட்டர் போட்டுப் பாருங்க, ஒருத்தரும் பதில் எழுத மாட்டாங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தபால் ஓட்டு வேண்டுமா என்று எல்லா உறுப்பினருக்கும் எழுதிக் கேட்கிறேன், செப்டம்பர் முடிவுக்குள் மூன்றில் ஒரு பங்கு பதில் வராவிட்டால் திருத்தத்தை நான் கொண்டு வர மாட்டேன், நானோ என்னைச் சேர்ந்தவர்களோ யாரிடமும் ஆதரவு கேட்டுப் போக மாட்டோம் என்று நிர்வாகக் குழுவில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. டிசம்பர் கூட்டம் மாமல்லபுரத்தில். பிரதிநிதிகளுக்குக் கடலும் சிற்பமும் பார்க்க ஆசை என்று செயலாளரே இடம் பிடித்துவிட்டார். உங்களைப் பார்க்கலாம்.

அன்புடன்,
பிரதீபா

*

கடப்பாக்கம்,
21.4.2001

மருமகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். தைலம் வந்தது. முழங்காலுக்கு என்று அனுப்பினாய், அத்தை தலைவலிக்குத் தடவுகிறாள். கேட்கவில்லை.

உன் கடுதாசியை ஆஸ்பத்திரியில் வைத்து லோகநாயகி உரக்கப் படித்தாள். செல்வராஜ் டாக்டர் முழுசாகக் கேட்டுவிட்டு, "ஓட்டு கெடக்கட்டும், எனக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கித் தரச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கே கரன்ட் போனால் கோமாரி ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு கடற்கரை மீன் கம்பெனிக்கு ஓடுவார். வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவில் ஐஸில் புதைத்து வைப்பார். அவருக்கு முன்னால் இருந்த வெங்கடராகவன் டாக்டரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்த அந்த நெட்டை டாக்டரும் அப்படித்தான். எண்பத்து நாலில் புயலடித்த வாரம் ஐஸ் கம்பெனியே மூழ்கிப் போய், நெட்டை டாக்டர் மருந்துப் பெட்டியைக் கிணற்றுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டார். கயிற்றைப் பிடித்தவன் நான்தான். இப்போதும் ஊசி போட டாக்டர் கிட்டே வந்தால் மாடு முகத்தைச் சுளிக்கிறது, மீன் கவிச்சி.

வாக்குக் கொடுத்தது சரி. ஆனால் எங்கள் தொழிலில் யாரும் வாயைத் திறந்து விலை பேச மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். நீயும் அந்த முந்நூறு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று துண்டுக்குள் பேசி முடி. செயலாளருக்கு ஏதாவது பட்டம் கொடு. வேலை சுலபம்.

மாமா,
வரதன் (கைநாட்டு)

*

புது டெல்லி,
6.8.2001

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம். பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். அத்தைக்கு எப்படி இருக்கிறது? உங்கள் இருமல்? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் குறைந்துவிட்டது.

துண்டு வேண்டாம் மாமா. முந்நூறு பேர் துண்டுக்குள் பேசி முடித்துக்கொள்வதுதான் இவ்வளவு நாளும் நடந்தது.

ஜூன் முதல் வாரமே எல்லாருக்கும் கடிதம் போய்விட்டது. தலைவர்கள் இப்படி எழுதுவது பேரவையில் இதுதான் முதல் தடவை. நல்ல பழுப்பு உறை, மேலே பேரவையின் முத்திரை. மே மாதம் மாறுதல் சமயம், யார் எந்த ஊரில் என்று தெரியாது என்பதால், பெயர் போடாமல் 'கால்நடை உதவி மருத்துவர், கால்நடை மருந்தகம்' என்று பதவிக்கே முகவரி போட்டோம். அந்த யோசனை என்னுடையது. கடிதம் தவறாமல் போய்ச் சேரும் என்று பெருமைப்பட்டேன்.

நேற்று வரை நானூறு பதில்கூட வரவில்லை. அதிலும் பாதி கல்லூரிகளிலிருந்து. பக்தவத்சலம் சார் தினமும் என் அறை வாசலில் வந்து, "இன்னிக்கு எவ்ளோம்மா?" என்று விசாரிக்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆதரவு கேட்க வேண்டாம். கடிதம் வந்ததா என்று மட்டும் செல்வராஜ் டாக்டரை விசாரித்து எழுதுங்கள். படித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பிரதீபா

*

கடப்பாக்கம்,
29.8.2001

மருமகள் பிரதீபாவுக்கு. நாங்கள் சுகம். நீ ராத்திரியில் மோர் சேர்க்காதே, தூக்கம் வரும்.

நான் கோபத்தில் இருக்கிறேன். செல்வராஜ் டாக்டரை உடனே மாற்ற வேண்டும். ராமநாதபுரம் பக்கம் போடு.

கடுதாசி வந்ததா என்று கேட்டேன். வரவே இல்லை என்றார். ஜூனிலேயே போட்டதாமே என்றேன். "எனக்கு ஒண்ணும் வரல பெரியவரே, வந்தா சொல்ல மாட்டேனா?" என்று சத்தியம் பண்ணினார். பக்கத்தில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த உதவியாளர் சீனு, "டெல்லி கவரா சார்? சிங்கம் மாதிரி சீல் போட்டு வந்துச்சே? நீங்கதான் மேலாபீஸுக்கு அனுப்பச் சொன்னீங்க" என்றான். வந்திருக்கிறது பார். கேட்டால் டாக்டர் அசராமல் சொல்கிறார்: "அது ஆபீஸ் தபால். டெல்லிலேந்து முத்திரையோட, ஆஸ்பத்திரி பேருக்கு வந்துகீது. அத்தப் பிரிச்சுப் படிச்சு நானா பதில் எழுதினா, யாரக் கேட்டு எழுதினேன்னு மெமோ குடுப்பாங்க. வரவு போட்டு, மேல உத்தரவுக்கு அனுப்பிட்டேன். எல்லா ஆஸ்பத்திரிலயும் அதான் பண்ணியிருப்பாங்க. எனக்குன்னு வர கடுதாசி வேற."

உன் கடுதாசியைப் பிரிக்காமலே மேலே தள்ளிவிட்டு, வரவில்லை என்று சத்தியம் பண்ணுகிறவர் என்ன மனுஷர்? நான் கேட்ட கேள்வியில் அங்கே ஊசி போட வந்த எருமை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. அதைப் பிடிக்க நானும் டாக்டரும் சேர்ந்துதான் ஓடினோம். ஆனாலும் பேசவில்லை.

மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று எழுது.

வரதன் (கைநாட்டு)

*

புது டெல்லி,
8.9.2001

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம். நேற்றுத்தான் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

செல்வராஜ் டாக்டர் பொய் சொல்லவில்லை மாமா. அவருக்கு நான் எழுதவே இல்லை. அவர் உட்காரும் நாற்காலிக்கு எழுதியிருக்கிறேன். அரசு உத்தரவு மாதிரியே உறை, அரசு முத்திரை மாதிரியே முத்திரை. மருந்தகங்களுக்குப் போன கடிதங்கள் எல்லாம் வரவு போடப்பட்டு, நாடு முழுவதும் மேல் அலுவலகங்களில் உத்தரவுக்காகக் காத்துக் கிடக்கின்றன. மருந்தகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்த யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் அப்படி ஒருவர்கூட இல்லை. நான் சொல்லிக்கொண்டிருந்த குறையே அதுதான்.

அவரை எங்கேயும் மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் மாற்ற மாட்டேன். போய்ப் பேசிவிடுங்கள்.

இன்று முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு, பேரவையில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த சொந்த ஊர் முகவரிக்கு, சாதாரண வெள்ளை அஞ்சலட்டை அனுப்புகிறோம். என் கையெழுத்து, பதில் அட்டை இணைப்பு. மூன்று வாரம்தான் இருக்கிறது. கெடுவை நீட்டிக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் கேட்கவில்லை. கொடுத்தது என் வாக்கு.

பிரதீபா

*

புது டெல்லி,
5.10.2001

அன்புள்ள மாமாவுக்கு. சௌக்கியமா? ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பூத்துக்குப் போன் செய்தேன். மாமா ஊரில் இல்லை, எங்கே என்று தெரியாது என்றாள் லோகநாயகி. அத்தையும் அதையே சொன்னார்களாம். உடம்பு நன்றாக இருக்கிறதல்லவா?

அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. கேரளா, ஒரிசா, பீகார், எங்கிருந்தெல்லாமோ. சிலர் பதிலோடு சேர்த்து மனக்குறையும் நெருக்கி எழுதியிருந்தார்கள். மீன் ஐஸில் மருந்து வைப்பவர் உங்கள் டாக்டர் மட்டுமில்லை. ஆனால் முப்பதாம் தேதி மாலை எண்ணிய போது மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். நாலாயிரம் வேண்டும். அதற்கப்புறம் வந்தவற்றை நான் சேர்க்கவில்லை. சேர்க்கலாமே என்று பக்தவத்சலம் சாரே சொன்னார். வேண்டாம் என்றேன்.

ஆகவே திருத்தத்தை நான் கொண்டு வரப் போவதில்லை. மாமல்லபுரம் கூட்டத்தை நல்லபடியாக நடத்திக் கொடுத்துவிட்டு விலகிவிடலாம் என்று இருக்கிறேன். வந்த வேலை நடக்காத நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

பதில் போடுங்கள்.

பிரதீபா

*

கடப்பாக்கம்,
11.11.2001

மருமகளுக்கு ஆசீர்வாதம். நான் நல்ல சுகம். அத்தையும் சுகம். எங்கே போனேன் என்று கேட்டிருந்தாய். எங்கும் போகவில்லை, இங்கேதான் பக்கத்தில்.

மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. மதுராந்தகம் ஏரி தளும்புகிறது. அச்சரப்பாக்கத்தில் கூட்டு ரோடு டீக்கடைக்காரன் மாறிவிட்டான், டீயும் மாறிவிட்டது. செய்யூரில் பஸ் நிற்கிற இடத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள், தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றேன். கல்பாக்கத்து அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸில் நம்மை ஏற்ற மாட்டான், ஆனால் டிரைவர் தெரிந்தவனாக இருந்தால் ஏற்றுவான். செருப்பு தேய்ந்துவிட்டது, புதுசு வாங்கினேன். வேறு விசேஷம் இல்லை.

செல்வராஜ் டாக்டரோடு பேச்சு வார்த்தை உண்டு. அட்டை அவருக்குக் கிடைத்து, பதிலும் போட்டாராம். அது டெல்லிக்கு இரண்டு நாள் தள்ளித்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று வருத்தப்பட்டார்.

ஒரு சந்தேகம். சும்மா கேட்கிறேன். அந்தத் திருத்தத்தை நீ கொண்டு வர மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தாய்? வேறு யாரும் கொண்டு வரக் கூடாது என்று ஏதாவது உண்டா? அப்புறம் அந்த மண்டபத்துக்குள்

(மாமா இத்தோடு நிறுத்திவிட்டு, திருக்கழுக்குன்றம் பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டார். இதுவரை சொன்னதை அப்படியே தபாலில் சேர்க்கிறேன். லோகநாயகி.)

*

புது டெல்லி,
20.11.2001

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம். மழையில் அலையாதீர்கள். இருமலுக்கு அத்தையைக் கஷாயம் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது பேரவையின் அச்சிட்ட விதிப் புத்தகத்தில் உள்ள விஷயம். தலைவர் என்ற முறையில், யார் கேட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை. எந்த உறுப்பினரும் திருத்தம் கொண்டு வரலாம். கூட்டத்துக்குப் பத்து நாளைக்கு முன் எழுத்தில் கொடுத்து, இன்னொரு உறுப்பினர் வழிமொழிந்தால் போதும். மண்டபத்துக்குள் வர, உறுப்பினர் அட்டையைக் காட்டினால் போதும். கூட்டம் டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

ஏன் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பிரதீபா

*

கடப்பாக்கம்,
27.12.2001

மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் ஆசீர்வாதம். வீட்டில் எல்லாரும் சுகம். கூட்டம் முடிந்த அன்றைக்கே நீ விமானம் ஏறிவிட்டாய். அத்தை வறுத்துக் கொடுத்த நெத்திலியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு எனக்கு மாமல்லபுரத்தில் வேறு ஒரு வேலை இருந்தது. அப்படியே மண்டபத்துக்கு எதிரில் இளநீர்க்காரனிடம் நின்றேன். முதலில் உங்கள் டெல்லி ஆட்கள் கார்களில் வந்தார்கள், கழுத்தில் கேமரா. ஒன்பது மணிக்கு மேல் பாண்டிச்சேரி பஸ், செங்கல்பட்டு பஸ், மதுராந்தகம் பஸ் என்று ஒவ்வொன்றாக நிற்க நிற்க, நம் ஆட்கள் இறங்கினார்கள். ஸ்கூட்டரில் வந்தார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு வேன். ஒருவர் கால்சட்டையில் சாணி காயவில்லை, வழியில் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்து, கன்றை இழுத்துப் போட்டுவிட்டு வந்தாராம். செல்வராஜ் டாக்டர் கல்யாணச் சட்டை போட்டிருந்தார், பொத்தான் பூட்டவில்லை. உங்கள் செயலாளர் வெளியே வந்து நாற்காலி, நாற்காலி என்று கத்தினார். அந்த மனுஷர் ஓடி ஓடிப் பந்தல்காரனிடம் நாற்காலி வாங்கிப் போட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே நடந்ததைச் செல்வராஜ் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். திருத்தத்தைக் கொண்டு வந்தவர் அவர்தான், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போனாராம். மேடையில் உன்னைப் பார்த்தாராம், நீ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். எழுதி வைத்ததை விட்டுவிட்டு மீன் ஐஸ் கதையைச் சொன்னாராம். பின்னால் இருந்தவர்கள் எங்க ஊர்லயும் அதான், எங்க ஊர்லயும் அதான் என்றார்களாம். உன் செயலாளர் எழுந்து, "இவங்கள்ளாம் யாரு? இத்தினி வருசத்துல ஒரு கூட்டத்துலயும் நான் பாத்ததில்லையே" என்று கேட்டதற்கு, சாணிக்காரர் எழுந்து, "அதான் சார், பாத்துக்கோங்கன்னு வந்துகீறோம்" என்றாராம். மண்டபமே சிரித்ததாம். செயலாளரும் சிரித்துவிட்டாராம். அப்புறம் கை தூக்கினதில், எதிர்த்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அந்தச் செல்வராஜ் டாக்டர் வீட்டுக்கு வந்தார். மோர் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்காமல் சொல்கிறார்: "பெரியவரே, அடுத்த வருசம் தபால் ஓட்டுல தலைவர் தேர்தல் வருது. நான் நிக்கலாம்னு கீறேன். உங்க பொண்ணுக்கு எதிரா. உங்க கையில சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் வந்தேன்."

உள்ளே அத்தை சிரிக்கிறாள். நீ செய்ததற்கு இதுதான் பலனா? பக்கத்து ஊர் ஆள், என் கண்ணெதிரே வேலைக்குச் சேர்ந்தவர். நல்லவர்தான், அதுதான் கஷ்டம். எங்கே போனாலும் அவரை எல்லாருக்கும் பிடிக்கிறது. நான் அவரோடு என்ன முறையில் பேசுவது? அந்த ஆஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிப் போகலாமா, கூடாதா?

வரதன் (கைநாட்டு)

*

புது டெல்லி,
6.1.2002

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் புத்தாண்டு நமஸ்காரம். நாங்கள் மூவரும் நலம். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. நெத்திலியைப் பார்சலில் அனுப்புங்கள், ரோஹித் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

மாட்டை அங்கேதான் ஓட்டிப் போக வேண்டும். செல்வராஜ் டாக்டர் எனக்கும் எழுதியிருந்தார். நிற்கட்டும். மருந்தகத்திலிருந்து ஒருவர் தலைவர் பதவிக்கு நிற்பது பேரவையில் இதுதான் முதல் தடவை. இதற்குத்தானே அந்த விதியை மாற்றினோம்? நான் விலகப் போவதில்லை, நானும் நிற்கிறேன். குளிர்பதனப் பெட்டி விஷயத்தை அமைச்சகத்தில் தொடங்கியிருக்கிறேன், முடிக்காமல் விட மாட்டேன். பன்னிரண்டாயிரம் பேரும் ஓட்டுப் போடட்டும். அவரை ஜெயிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சுலபமாக இருக்காது.

அன்று காலை பெயர் பதியும் இடத்தில் செய்யூர் டாக்டர் என்னிடம் வந்து, "பெரியவர் வரலைங்களா?" என்று கேட்டார். எந்தப் பெரியவர் என்றேன். பிறகு மதுராந்தகம் டாக்டர் கேட்டார், திருக்கழுக்குன்றம் டாக்டர் கேட்டார், எனக்குப் பெயர்கூடத் தெரியாத இன்னும் பலர் கேட்டார்கள். அவர் ஓட்டெல்லாம் கேட்கவில்லை என்றார்கள். மண்டபத்துக்குள் இருப்பவருக்கு மட்டும்தான் ஓட்டு என்கிற விதியைச் சொல்லி, மாமல்லபுரத்துக்கு எத்தனை மணிக்கு எந்த பஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இதைப் பற்றிப் பக்தவத்சலம் சார் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

தேர்தல் முடியும் வரை ஒரே ஒரு வேண்டுகோள். செல்வராஜ் டாக்டர் வீட்டுக்கு வந்தால் மோர் கொடுங்கள், சாப்பிடச் சொல்லுங்கள், சண்டை கூடப் போடுங்கள். அவருக்காகவோ எனக்காகவோ எந்த பஸ்ஸிலும் ஏறாதீர்கள்.

உங்கள் மருமகள்,
பிரதீபா